கல்லூரியில் விசுவாசத்தைப் பற்றி மனம்விட்டுப் பேச ஒரு கூட்டம்: எப்படி நடத்துவது?

செவ்வாய் மாலை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு ஈ.சி.ஈ. படிக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம். நாங்கள் ஏழு பேர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கல்லூரிக்கு எதிரே ஒரு அக்கா வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டு மொட்டை மாடியில் கூடி வேதம் வாசித்து ஜெபம் செய்கிறோம். இரண்டு வருஷமாக நடக்கிறது. அதில் எந்தக் குறையும் இல்லை.

என் கேள்வி வேறு. ஹாஸ்டலில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் பேச்சு ஒரு மாதிரி ஆழமாகப் போகும், உங்களுக்குத் தெரியும். "பிளேஸ்மென்ட் கிடைத்துவிட்டது, சரி, அப்புறம்?" என்று ஒருத்தி கேட்பாள். "நீங்கள் மட்டும்தான் பரலோகம் போவீர்களாமே, அப்போ எங்கள் பாட்டி?" என்று இன்னொருத்தி. என் அறைத் தோழியின் தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. பதினாறு வயது, வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். அவள் எதையும் கேட்க மாட்டாள். மற்றவர்கள் கேட்பதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள்.

இந்தக் கேள்விகளை எல்லாம் பகலில், வெளிச்சத்தில் வைத்துப் பேசலாமே என்று ஆகஸ்டில் ஒரு கூட்டம் போட்டோம். பக்கத்தில் ஒரு சின்ன ஹால். "வாழ்க்கையின் பெரிய கேள்விகள்: மனம்விட்டுப் பேசுவோம்" என்று நோட்டீஸ். கிறிஸ்தவர்கள் நடத்துகிறோம் என்று அதில் போடவில்லை. போட்டால் யாரும் வர மாட்டார்கள் என்று பயந்தோம். நாற்பது பேர் வந்தார்கள், பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள் இல்லை. அழைத்திருந்த பிரசங்கியார் ஐம்பத்தைந்து நிமிஷம் பேசினார். கேள்வி நேரமே இல்லை. கடைசியில் கீபோர்டு வாசிக்க ஆரம்பித்து, எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லி, "இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள்" என்றார். நான் கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தேன். என் அறைத் தோழி கண்ணை மூடவே இல்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி நடக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "பேசலாம்னு கூப்பிட்ட. என்னைப் பேசவே விடலையே." அதற்குப் பிறகு சாப்பிடப் போவதெல்லாம் சேர்ந்துதான். ஆனால் ராத்திரிப் பேச்சு நின்றுவிட்டது.

நாங்கள் செய்தது தப்பு என்று எனக்குத் தெரிகிறது. அதற்காக இனிமேல் கூட்டமே வேண்டாம் என்று விடவும் மனசு இல்லை. நான் நம்புகிறதை மறைக்காமல், வருகிறவர்களை வலை போட்டுப் பிடிக்கிற மாதிரியும் இல்லாமல் இப்படி ஒன்றை நடத்த முடியுமா? யாரைப் பேச அழைப்பது? பதில் தெரியாத கேள்வி வந்தால் என்ன செய்வது? கல்லூரி அனுமதி வேண்டுமா? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வியாழக்கிழமை வாத்தியார் எழுதியது:

மகளே, நான் தென் மாவட்டத்தில் ஒரு உதவிபெறும் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். 1989 முதல் ஓய்வுபெறும் வரை வியாழன் சாயங்காலம் நாலரை மணிக்கு நீ கேட்கிற மாதிரி ஒரு கூடுகை நடத்தினேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் அந்தப் பெண்ணிடம் போ. "அன்றைக்கு உன்னை ஏமாற்றிக் கூட்டிக்கொண்டு போனது மாதிரி ஆகிவிட்டது, மன்னித்துக்கொள்" என்று சொல். அதோடு நிறுத்து. அதே மூச்சில் அடுத்த கூட்டத்துக்கு அழைக்காதே. அழைத்தால் மன்னிப்பும் அழைப்பிதழ் ஆகிவிடும்.

அடுத்தது நோட்டீஸ். "இதை நடத்துகிறவர்கள் கிறிஸ்தவ மாணவர்கள்" என்று பெரிய எழுத்தில் போடு. யாரும் வர மாட்டார்கள் என்று நீங்கள் பயந்தது வீண். குறைவாக வருவார்கள், அவ்வளவுதான். எங்களுக்கு முதல் வருஷம் சராசரியாக ஒன்பது பேர். ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்தால் ஒவ்வொருவரும் வாயைத் திறக்கலாம். நாற்பது பேரில் நாலு பேர்தான் பேசுவார்கள்.

பேச அழைக்கிறவரிடம் முன்கூட்டியே மூன்று விஷயம் சொல்லிவிடு. இருபது நிமிஷம்தான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கேள்வி. கடைசியில் கை உயர்த்தச் சொல்லக் கூடாது. இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் எவ்வளவு பெரிய ஊழியராக இருந்தாலும் நன்றி சொல்லி விட்டுவிடு. நான் இரண்டு பேரை அப்படி விட்டிருக்கிறேன், ஒருவர் எனக்கு உறவுக்காரர். பெரும்பாலும் நான் அழைத்தது போதகர்களை இல்லை. ஒரு நர்ஸ், ஒரு மாவட்ட நீதிபதி, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய், ஒரு விவசாயி. தங்கள் வேலையிலும் துக்கத்திலும் விசுவாசம் எங்கே நின்றது, எங்கே ஆட்டம் கண்டது என்று அவர்களால் சொல்ல முடிந்தது.

டீயை முதலிலேயே கொடு. கடைசியில் கொடுத்தால் போக வேண்டியவர்கள் போய்விடுவார்கள், மீதி இருப்பது நம் ஆட்கள்தான். முதலில் டம்ளர் கையில் இருந்தால் புதுசாக வந்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் பேச ஆரம்பித்துவிடுவார்.

கேள்விப் பெட்டி. இதுதான் நான் சொல்லப்போவதிலேயே முக்கியம். ஒரு வாரம் முன்பே பெட்டியை வைத்து, பெயர் போடாமல் சீட்டு எழுதச் சொல். வாயால் கேட்கும்போது பிள்ளைகள் டார்வினைக் கேட்பார்கள், பெருவெடிப்பைக் கேட்பார்கள், பைபிளில் முரண்பாடு கேட்பார்கள். நல்ல கேள்விகள்தான், பேசத்தான் வேண்டும். ஆனால் சீட்டில் வருவது வேறு. "அப்பா குடிக்கிறார், ஜெபம் செய்தும் நிற்கவில்லை." "வேறு சாதிப் பையனை விரும்புகிறேன், சபையே எதிர்க்கிறது, கடவுள் யார் பக்கம்?" "நாலு அரியர், செத்துவிடலாம் போல இருக்கிறது." அந்தச் சீட்டுகளைப் படித்த பிறகுதான் எனக்கு நான் எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன் என்றே விளங்கியது.

பதில் தெரியாத கேள்வி வந்தால் என்ன என்று கேட்டாய். 2005 ஜனவரியில் கல்லூரி திறந்த முதல் வியாழக்கிழமை. சுனாமி வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. நாகப்பட்டினம் கரைப் பையன் ஒருவன் முதல் முறையாக வந்திருந்தான். சித்தியும் அவர் பிள்ளைகள் இரண்டு பேரும் போய்விட்டார்கள். பெட்டியில் அவன் சீட்டு: "கிறிஸ்துமஸ் முடிந்து மறுநாள், வேளாங்கண்ணிக்குக் கும்பிட வந்தவர்களையே கடல் எடுத்துக்கொண்டதே. உங்கள் மாதா எங்கே போயிருந்தார்?" அந்தக் கடற்கரையில் மட்டும் நூற்றுக்கணக்கான யாத்ரீகர்கள் இறந்திருந்தார்கள். அன்றைக்கு வந்திருந்த விருந்தினர் "தேவ சித்தம்..." என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அப்படி ஒருவரை நிறுத்தியது என் வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

பைபிளில், துன்பத்தில் விழுந்த யோபுவின் நண்பர்கள் அவரைப் பார்க்க வந்து ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தை பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கெட்டது எட்டாம் நாள் விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகு. அது ஞாபகம் வந்ததால் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். பிறகு நான் லூக்கா பதின்மூன்றாம் அதிகாரத்தை எடுத்தேன். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் இறந்ததைச் சொல்லி, மற்றவர்களைவிட அவர்கள் அதிகப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று இயேசு கேட்கிறார், இல்லை என்று தானே சொல்கிறார். அதை வாசித்துவிட்டு, "இதற்கு மேல் ஏன் என்பது எனக்குத் தெரியாது தம்பி, அவர்கள் பாவத்துக்காகச் சாகவில்லை என்பது மட்டும் தெரியும்" என்றேன். அவன் அரை மணி நேரம் பேசினான். சித்தி எப்படிக் கருவாட்டுக் குழம்பு வைப்பார், சின்னவன் எப்படி நீச்சல் பழகினான் என்றெல்லாம். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். அடுத்த வியாழனும் வந்தான், அந்த மூன்று வருஷமும் வந்தான். அவன் இந்து, இன்றைக்கும் இந்து. பொங்கலுக்குப் போன் செய்வான். எனக்கு அதில் ஒரு நஷ்டமும் இல்லை. இயேசு உயிர்த்தெழுந்தார் என்று நான் முழு மனசோடு நம்புகிறேன் என்பது அவனுக்கும் தெரியும், ஏனென்று என்னிடம் பல தடவை கேட்டிருக்கிறான், நானும் சொல்லியிருக்கிறேன்.

நம் ஊரிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. லெஸ்லி நியூபிகின், 1947ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை இராமநாதபுரம் பேராயர் ஆனவர், அதற்கு முன் காஞ்சிபுரத்தில் இருந்தார். வாரம் ஒரு மாலை ராமகிருஷ்ண மடத்துக்குப் போய், துறவிகளோடு தரையில் உட்கார்ந்து உபநிடதமும் நற்செய்தியும் படித்தார். அவரே எழுதி வைத்திருக்கிறார். தன் வேதத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போகவில்லை பார், அவர்களுடையதையும் மாணவனாக உட்கார்ந்து படித்தார். ஆனால் அவர் விசுவாசத்தில் எதையும் தளர்த்திக்கொண்டவரும் இல்லை.

ஆக்ஸ்போர்டில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கிய சாக்ரட்டிக் கிளப்பும் அப்படித்தான். நம்புகிறவர் ஒருவர், நம்பாதவர் ஒருவர், இரண்டு பேரும் பேச வேண்டும், பிறகு சபையோர் கேட்கலாம். கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ்.லூயிஸ் அதன் தலைவர். 1948 பிப்ரவரியில் எலிசபெத் ஆன்ஸ்கம் என்ற இளம் தத்துவ ஆசிரியை, அவரும் கிறிஸ்தவர்தான், லூயிஸ் 'மிராக்கிள்ஸ்' என்ற புத்தகத்தில் எழுதிய வாதம் ஒன்றில் ஓட்டை இருக்கிறது என்று அவர் முன்னாலேயே எடுத்துக் காட்டினார். 1960ல் மறுபதிப்பு வந்தபோது லூயிஸ் அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார். தலைவரையே மறுக்க இடம் இருந்த கூட்டம் அது. உங்கள் மொட்டை மாடியிலும் அந்த இடம் இருக்கட்டும்.

கேள்விக்காரன் எழுதியது:

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். அப்பா பெரியார் வழி. சென்னையில் படிக்கும்போது இப்படி ஒரு வட்டத்தில் ஒன்றரை வருஷம் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பார்வை.

நான் தொடர்ந்து போனதற்குக் காரணம் மூன்றாவது வாரமே என்னைப் பதினைந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். தலைப்பும் என் இஷ்டம். "சாதியை உங்கள் சபையால் ஒழிக்க முடிந்ததா?" என்று எடுத்துக்கொண்டேன். கொஞ்சம் குத்தவேண்டும் என்றுதான் போனேன். திருச்சி மேலப்புதூர் கல்லறையில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரிக்கும் சுவரைச் சொன்னேன். வடக்கன்குளத்தில் இரண்டு சாதிக்கு இரண்டு பக்கமாகக் கோயிலைக் கட்டி நடுவில் சுவர் வைத்த கதையைச் சொன்னேன். அந்தச் சுவரை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடித்தார்கள்.

மறுத்துப் பேசுவார்கள் என்று தயாராக இருந்தேன். அங்கிருந்த சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போதகர் ஒருவர், "தம்பி சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. என் சொந்த ஊரில் இன்றைக்கும் பெண் எடுப்பதில் சாதிதான். இது எங்கள் பாவம்" என்றார். பிறகு, "யூதன் என்றும் கிரேக்கன் என்றும் இல்லை என்று பவுல் எழுதியது எங்களை நாங்களே குற்றம் சாட்டிக்கொள்ள எங்கள் கையில் இருக்கும் வசனம், அதனால்தான் விட மாட்டேன்" என்றார். அந்த வாக்கியத்தை இன்று வரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் மாறவில்லை. அவரை மதிக்கிறேன்.

தங்கச்சி, ஒரு வேண்டுகோள். வாசலில் பெயர், போன் நம்பர், "பிரார்த்தனைக் குறிப்பு" என்று அட்டை கொடுப்பார்களே, அதை மட்டும் வைக்காதீர்கள். அதைப் பார்த்தவுடனேயே என்னை எண்ணிக்கையில் சேர்க்கப்போகிறார்கள் என்று தோன்றிவிடும்.

மதுரை டீச்சர் எழுதியது:

அனுமதி விஷயம் மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை வாத்தியார் ஐயா சொல்லிவிட்டார்.

முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்லூரி என்றால் வளாகத்துக்குள் மத போதனை கூடாது, அரசியல் சட்டம் 28வது பிரிவு. உங்களுடையது தனியார் என்பதால் அந்தத் தடை நேராகப் பொருந்தாது. ஆனாலும் அதே பிரிவின்படி அங்கீகாரம் பெற்ற கல்லூரி எதிலும் சம்மதம் இல்லாமல் யாரையும் மத போதனையில் உட்கார வைக்க முடியாது. அதனால் வகுப்பு நேரத்தில் வேண்டாம், வருகைப் பதிவு வேண்டாம், இன்டர்னல் மார்க் போடும் ஆசிரியர் யாரும் "வாங்க" என்று சொல்ல வேண்டாம். வளாகத்துக்குள் நடத்தினால் முதல்வருக்குக் கடிதம் கொடுத்து, கையெழுத்து வாங்கி, நகல் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் "கலாசார நிகழ்ச்சி" என்று எழுதாதீர்கள். என்ன நடக்கிறதோ அதையே எழுதுங்கள். மறுத்தால் மொட்டை மாடி இருக்கவே இருக்கிறது.

முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் நிறைய பேருக்குப் பதினேழு வயதுதான். அவர்கள் வந்தால் வீட்டுக்குத் தெரிந்தே வரட்டும். பெண்கள் ஹாஸ்டல் கேட் மூடும் நேரத்துக்கு அரை மணி முன்னால் முடித்துவிடுங்கள். எங்கள் கல்லூரியில் ஒரு நல்ல கூட்டம் நின்றுபோனது தத்துவத்தால் இல்லை, இரண்டு பெண்கள் கேட்டுக்கு வெளியே நின்றதால்.

அப்புறம் அந்த நாலு அரியர் சீட்டு. அப்படி ஒன்று வந்தால் அதைக் கூட்டத்தில் விவாதத் தலைப்பு ஆக்காதீர்கள். ஜெபத்தோடு விட்டுவிடவும் வேண்டாம். "இதை எழுதியவர் எங்களில் யாரிடமாவது இன்றைக்கே பேசுங்கள்" என்று சொல்லிவிட்டு, கல்லூரி கவுன்சிலர் அறை எங்கே என்பதையும், 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் பலகையில் எழுதிப் போடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். எல்லாக் கூட்டத்திலும் போட்டு வைத்தால் யாருக்காக என்று யாரும் தேட மாட்டார்கள்.

பாஸ்டன் குளிர் எழுதியது:

இங்கே ஆராய்ச்சி மாணவனாக இருக்கிறேன். 1992ல் ஹார்வர்டில் தொடங்கிய வெரிட்டாஸ் ஃபோரம் என்ற அமைப்பு பல பல்கலைக்கழகங்களில் இதைத்தான் செய்கிறது. மேடையில் ஒரு கிறிஸ்தவப் பேராசிரியர், வேறு பார்வை உள்ள ஒருவர், நடுவில் நெறியாளர். வாத்தியார் ஐயா சொன்ன ஆக்ஸ்போர்டு முறைக்கு நெருக்கம். எனக்குப் பிடித்தது, எதிர்ப்பக்கம் பேச உண்மையாகவே கெட்டிக்காரரை அழைப்பது. ஆனால் ஆயிரம் பேர் அரங்கில் யாரும் தம்பியின் டயாலிசிஸைக் கேட்க மாட்டார்கள். உங்கள் ஊரில் முதலில் சின்ன வட்டம் போதும் என்று நினைக்கிறேன்.

செவ்வாய் மாலை எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. வாத்தியார் ஐயா, உங்கள் பதிலை எங்கள் ஏழு பேருக்கும் மாடியில் சத்தமாக வாசித்துக் காட்டினேன். சுனாமிப் பகுதியில் என்னால் வாசிக்க முடியவில்லை, இன்னொரு பெண் வாசித்தாள்.

எங்களுக்குள் ஒரு வாக்குவாதமும் வந்தது. "கை உயர்த்தச் சொல்லாவிட்டால் சுவிசேஷம் சொன்னதாகுமா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான், அவரை யாரும் அடக்கவில்லை. கடைசியில் யோவான் முதலாம் அதிகாரத்துக்குப் போனோம். தன் பின்னால் வந்த இரண்டு பேரைத் திரும்பிப் பார்த்து இயேசு முதலில் கேட்டது "என்ன தேடுகிறீர்கள்?" என்றுதான். அவர்கள் எங்கே தங்கியிருக்கிறீர் என்கிறார்கள், வந்து பாருங்கள் என்கிறார், அன்றைக்கு அவரோடு தங்குகிறார்கள். அண்ணன் இன்னும் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் டீ போடும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்.

நோட்டீஸ் இப்படி எழுதியிருக்கிறோம்: "நாங்கள் கிறிஸ்தவ மாணவர்கள். எங்களுக்கும் கேள்விகள் உண்டு. உங்கள் கேள்வியைப் பெயர் போடாமல் பெட்டியில் போடுங்கள். நம்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. டீ உண்டு, ஆறு மணிக்கு முடிந்துவிடும்." முதல் பேச்சு எங்கள் ஊர்ப் பக்கத்து நர்ஸ் அக்கா, இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் ராத்திரி ஷிப்ட் பார்க்கிறார். அதற்கு அடுத்தது எங்கள் வகுப்பில் நம்பிக்கை இல்லாத ஒருவன். கேட்டவுடன் "நிஜமாவா?" என்றான், இரண்டு தடவை.

அறைத் தோழியிடம் ஞாயிற்றுக்கிழமை துணி காயப்போடும்போது மன்னிப்புக் கேட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. "சரி, விடு" என்றாள். நேற்று ராத்திரி தம்பியின் ரிப்போர்ட்டைப் போனில் காட்டி, கிரியாட்டினின் என்றால் என்ன என்று கேட்டாள். எனக்கும் சரியாகத் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து தேடிப் படித்தோம், ஒரு மணி ஆகிவிட்டது.

பெட்டிக்கு ஒரு பழைய பிஸ்கட் டின் கிடைத்திருக்கிறது. மூடியில் ஓட்டை போட வேண்டும்.